சந்தாபுரா என்றொரு பொய்

வயிற்றில் ஒன்றுமில்லை, மனதில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்று டாக்டர் சொன்னபோது அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் சந்தேகம் அந்தப் பார்வையில்தான் தொடங்கியது. நல்ல சேதி கேட்டவர்களின் பார்வை இல்லை அது. ஸ்கேனில் குறையில்லை, ரத்தத்தில் குறையில்லை, வெள்ளையாக ஏதோ ஒரு மருந்தைக் குடிக்கவைத்து அது உள்ளே போகும் வழியைத் திரையில் பார்த்தார்கள், அதிலும் குறையில்லை. வேறு எந்தப் பெற்றோராக இருந்தாலும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். என் அம்மாவின் முகம் வெளிறிப்போனது. அப்பா என் பக்கம் திரும்பி, "நீ வெளில உக்காரு பாப்பா, நாங்க ஃபீஸ் கட்டிட்டு வர்றோம்" என்றார். ஃபீஸை வெளியே கவுண்டரில்தான் கட்ட வேண்டும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. பி.யூ. முதல் வருடம், அதாவது பதினொன்றாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். ஜோகுபாளையத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் வீடு. தாத்தா மாநில அரசு வேலையில் இருந்தவர். அவர் காலத்திலேயே நாங்கள் பெங்களூர்க்காரர்கள் ஆகிவிட்டோம். வீட்டுக்குள் தமிழ், லிஃப்டில் கன்னடம், பரீட்சையில் ஆங்கிலம். அப்பா ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர், அம்மா வங்கி அதிகாரி. நான் ஒரே பிள்ளை. தினமும் காலையில் கல்லூரிக்குக் கிளம்பும் நேரத்தில் என் வயிறு ஈரத் துணியைப் பிழிவதுபோல முறுக்கும். பஸ் போய்விட்டால் மெல்ல மெல்ல விடும். நான் நடிக்கிறேன் என்றுதான் அம்மா முதலில் நினைத்தாள். நடிக்கவில்லை என்று தெரிந்ததும் பயந்தாள்.

டாக்டரிடம் போய்வந்த பிறகு வீட்டில் என்னைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். இதை நான் கற்பனை செய்யவில்லை. வேதியியல் சமன்பாடுகளை வாய்விட்டுச் சொல்லிப் படித்துக்கொண்டிருப்பேன், அம்மா கதவோரம் வந்து நிற்பாள். "யார்கிட்ட பேசிட்டிருந்த?" "யார்கிட்டயும் இல்ல, படிக்கறேன்." "படிக்கறதுக்கு இவ்ளோ சத்தமா?" தட்டில் சோற்றைக் கொஞ்சம் ஒதுக்கினால் இரண்டு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் அப்பா என் கட்டிலில் வந்து உட்கார்ந்துகொண்டு, எங்கோ பார்த்தபடி கேட்டார்:

"ஏன் பாப்பா, யாராவது உன்னப் பத்திப் பேசிக்கற மாதிரி இருக்கா?"

"யாரு?"

"சும்மா கேட்டேன். காலேஜ்ல, பக்கத்து வீட்ல... அந்த மாதிரி."

"ஏன், பேசிக்கறாங்களா?"

"இல்ல இல்ல." சட்டென்று எழுந்து போய்விட்டார்.

அதுவரை எனக்கு அப்படி ஒரு எண்ணம் வந்ததே கிடையாது. அன்றைக்குப் பிறகு வந்தது. என்னைப் பற்றி யாரோ எதையோ பேசுகிறார்கள், அது அப்பாவின் காதுக்கு எட்டியிருக்கிறது, என்னிடம் மறைக்கிறார். வகுப்பில் பின் பெஞ்சில் யாராவது சிரித்தால் முதுகு கூசியது. வீட்டில் குரல் தாழ்ந்தால் என் காது தானாக நீண்டது. இப்படியெல்லாம் நினைப்பதால் எனக்கே ஏதாவது ஆகிவிட்டதோ என்றும் பயந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை காலை என்னைக் காரில் ஏற்றிப் பிரேசர் டவுனுக்கு அழைத்துப் போனார்கள்.

ஒரு பழைய வீட்டின் மாடி. கீழே பல் டாக்டர், மேலே கவுன்சலர். அந்த அம்மாளுக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். தாய்மொழி கன்னடம், தமிழர்கள் அதிகமுள்ள கண்டோன்மெண்ட் பக்கம் வளர்ந்ததால் தமிழ் சரளமாக வரும். எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து முதலில் விதியைச் சொன்னார்.

"இவ இங்க பேசறது இங்கயே இருக்கும். இவ உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் உங்களுக்குச் சொல்லுவேன். அதுவும் இவகிட்ட சொல்லிட்டுத்தான்."

"பெத்தவங்ககிட்ட கூடவா சொல்ல மாட்டீங்க?" என்றாள் அம்மா.

"முக்கியமா பெத்தவங்ககிட்ட."

நான் ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. யார் பணம் கட்டுகிறார்களோ அவர்களிடம்தான் எல்லோரும் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். என் நம்பிக்கையின்மைக்குச் சான்று உடனே கிடைத்தது. என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவர்கள் மூவரும் தனியாகப் பேசினார்கள். கதவுக்கு இந்தப் பக்கம், கவுன்சலர் வேண்டுமென்றே வைத்திருப்பதுபோல ஒரு பழைய மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டது. ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. அப்பா என் தோளில் கை வைத்தார். வழக்கமாக அவர் அப்படித் தொட மாட்டார்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனோம். அப்பா கீழே காரில் காத்திருப்பார். முடிந்ததும் என்னை வீட்டில் இறக்கிவிட்டு, ஆபீஸில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போவார்.

அறைக்குள் என்ன நடக்கும் என்று யாராவது கேட்டால் ஒன்றும் நடக்காது என்றுதான் சொல்வேன். அவர் ஒரு நாற்காலியில், நான் ஒரு நாற்காலியில். ஓரமாக ஒரு அலமாரி, அதில் ஒரு தட்டு நிறைய மணல், குட்டிக் குட்டி மிருகங்கள், ஒரு பொம்மைக் குடும்பம். "அது சின்னப் பசங்களுக்கு. நீயும் வேணும்னா எடுத்துக்கலாம்" என்றார் முதல்நாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கேள்வி கேட்க மாட்டார். குறிப்பு எழுத மாட்டார். நான் பேசும்வரை காத்திருப்பார். நான் பேசாவிட்டாலும் காத்திருப்பார். போலீஸ்காரர்கள் இப்படித்தான் செய்வார்களாம். சும்மா இருந்தே வாயைத் திறக்கவைப்பார்களாம். எங்கோ கேள்விப்பட்டிருந்தேன்.

ஒருநாள் அவரே மௌனத்தைக் கலைத்தார்.

"நான் சும்மா இருக்கறப்ப நான் என்ன யோசிக்கறேன்னு நீ நெனைக்கற?"

"என்னைப் பத்தி எங்க அம்மாகிட்ட என்ன சொல்லலாம்னு."

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினார். "ம். அப்போ இங்க நான் உங்க அம்மாவோட ஆளு. அப்படி ஒரு ஆளுக்கு முன்னால வாரா வாரம் வந்து உக்கார்றது பேஜாரா இருக்குமே."

"ஆமா."

"வீட்லயும் அப்படித்தான் இருக்கா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வாய் எடுத்துவிட்டேன். நல்லவேளையாகச் சுதாரித்துக்கொண்டேன். இதுதான் இவருடைய தந்திரம் என்று தோன்றியது. நான் எதைச் சொன்னாலும் அதை அப்படியே திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்.

பல வருடம் கழித்து, இந்த முறையைப் பற்றி அங்கே இங்கே படித்தேன். நாம் சின்ன வயதில் அம்மா அப்பாவிடம் பழகிய விதத்தையே பிறகு சந்திப்பவர்களிடமும் நம்மையறியாமல் கொண்டுபோகிறோம். கவுன்சலரிடமும் அதே மாதிரிதான் நடந்துகொள்வோம். அது நடக்கும்போதே பிடித்துப் பார்த்தால் அடிமனதில் என்ன இருக்கிறது என்று தெரியவரும் என்பது அவர்களின் எண்ணம். அதனால்தான் ஒரே அறை, ஒரே நாற்காலி, ஒரே நேரம், அதிகம் பேசாத ஒரு ஆள். அன்றைக்கு இதை யாராவது விளக்கியிருந்தால் என் சந்தேகம் இன்னும் கூடியிருக்கும்.

காரில் ஏறியதும் அப்பாவின் விசாரணை தொடங்கும்.

"என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல."

"நம்ம குடும்பத்தைப் பத்தி ஏதாவது?"

"இல்லப்பா."

"என் பக்கத்துச் சொந்தக்காரங்க யாரையாவது பத்தி?"

ஏன் இந்தக் கேள்வி? அப்பா பக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி யாருமே கிடையாது. தாத்தாவும் பாட்டியும் நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார்கள். ஒரு சித்தப்பா துபாய்க்குப் போனார், தொடர்பு விட்டுப்போய்விட்டது என்று சொல்லியிருந்தார்கள். கேட்பதற்கு என்ன இருக்கிறது? கேட்டால்தான் என்ன? அப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாலையையே பார்ப்பார். எனக்கு அவர்மேலும் சந்தேகம், மாடியில் இருந்தவர்மேலும் சந்தேகம். இரண்டு பேரில் யார் யாருக்கு உளவு சொல்கிறார்கள் என்பதுதான் குழப்பம்.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. என்னை அந்த வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து அது எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தார்கள் அல்லவா? அதேபோல இவருக்குள் ஒரு பொய்யைச் செலுத்தி அது எங்கே போய் வெளிவருகிறது என்று பார்த்தால் என்ன? சாதாரணப் பொய்யாக இருந்தால் வெளியே வராது. எந்தப் பெரியவராலும் தாங்க முடியாத அளவுக்குக் கனமான பொய்யாக இருக்க வேண்டும். வீட்டில் வெடித்தால் எனக்குச் சத்தம் கேட்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்ததும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்: "எங்க அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருக்கு. சந்தாபுரால."

அவரை நிமிர்ந்து பார்த்தேன். எப்போதும் அசையாத அந்த முகம் ஒரு நொடி அசைந்தது. உதடு பிரிந்து மூடியது. கை மடியிலிருந்து எழுந்து மறுபடி மடிக்கே போனது. இவ்வளவு நாளில் அவரிடம் நான் பார்த்த முதல் சலனம் அதுதான். மாட்டிக்கொண்டார் என்று உள்ளுக்குள் துள்ளினேன்.

"எப்படித் தெரியும்?" என்றார் மெதுவாக.

"பாத்தேன்."

"என்ன பாத்த?"

நான் கதையை வளர்த்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்பா ஒரு பையோடு நின்றார், ஒரு வீட்டுக்குள் போனார், கதவை யாரோ உள்ளேயிருந்து திறந்தார்கள். சந்தாபுராவுக்கு நான் போனதே இல்லை. ஓசூர் போகும் வழியில் இருக்கிறது என்று மட்டும் தெரியும். பொய் சொல்லச் சொல்ல என்னவோ செய்தது. டாக்டரிடம் போய்வந்ததிலிருந்து அந்த ஆறு மாதத்தில் முதல்முறையாக என் கண்ணில் தண்ணீர் வந்தது. நடிப்பு நன்றாக வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் நம்பினாரா இல்லையா என்று சொல்லவில்லை. "கதவுக்கு வெளில நிக்கறது நீதான், இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் காதைத் தீட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தேன். முதல் வாரம் ஒன்றும் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. பரவாயில்லையே, இவர் வாய் இறுக்கமானதுதானோ என்று எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ஹாலில் தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனபோது சமையலறையில் அம்மாவின் குரல் கேட்டது.

"நாளைக்கும் சந்தாபுராவா? ஒரு வாரம் விட்டாத்தான் என்ன?"

"மெதுவாப் பேசு, அவ இருக்கா" என்றார் அப்பா.

பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டேன். பயத்தால் இல்லை, ஜெயித்த சந்தோஷத்தால். பொய் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கவுன்சலர் சொல்லியிருக்கிறார், அம்மா நம்பியிருக்கிறாள், அதைச் சொல்லிக்காட்டி அப்பாவைக் குத்துகிறாள். 'நாளைக்கும்' என்று அம்மா சொன்னதிலிருந்த அந்த 'உம்' என் காதில் ஏறவேயில்லை.

மறுநாள் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினேன். உட்காரக்கூட இல்லை.

"நீங்க சொல்லிட்டீங்க."

"என்னத்த?"

"சந்தாபுரா. நான் சொன்னது பொய். நீங்க சொல்றீங்களான்னு பாக்கத்தான் சொன்னேன். இப்ப எங்க அம்மா வாயில சந்தாபுரா வருது. உங்கள விட்டா வேற யாருக்கும் தெரியாது."

"நான் சொல்லல" என்றார். "நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம். நான் உன்ன நம்பவைக்கப் பாக்கல."

"பின்ன எப்படி அவங்களுக்குத் தெரிஞ்சுது?"

"அத நீ அவங்களத்தான் கேக்கணும். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஏன் சந்தாபுரா? ஹெப்பால்னு சொல்லியிருக்கலாம், மைசூர்னு சொல்லியிருக்கலாம்."

"சும்மா வாயில வந்துச்சு."

"பொய்யும் நீ பண்ணதுதானே, கனவு மாதிரி. அத எங்கேருந்து எடுத்தன்னு யோசிச்சுப் பாரு."

இதைவிடக் கேவலமான சமாளிப்பை நான் கேட்டதில்லை. திருடிவிட்டு, பொருளை அங்கே ஏன் வைத்தாய் என்று கேட்பதுபோல இருந்தது. கதவை ஓங்கிச் சாத்திவிட்டு நேரம் முடியுமுன்பே கீழே இறங்கினேன்.

அப்பா காருக்கு வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தார். "என்னாச்சு?" நான் முன்சீட்டில் ஏறினேன். அவரும் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். நடுவிலிருந்த திரை ஒளிர்ந்தது. அவருடைய போன் அதனோடு இணைந்து, யாரும் கேட்காமலேயே வரைபடத்தைக் காட்டியது. சந்தாபுரா. ஐம்பது நிமிடம். போக்குவரத்து குறைவு.

வழக்கமாகப் போகும் இடத்தைப் போன்கள் தாமாகவே ஞாபகம் வைத்துக்கொள்கின்றன. அப்பா கையை நீட்டிப் பாட்டைப் போட்டதும் வரைபடம் மறைந்துவிட்டது. அவருக்கு அது பழகிப்போன காரியம். எனக்கும் பழகிப்போன காரியம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் சீட்பெல்ட் போடும் நேரத்தில் அந்தப் பெயர் என் கண்முன்னால் வந்து போயிருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

"அப்பா, சந்தாபுரால யாரு இருக்காங்க?"

அவர் எஞ்சினை நிறுத்தினார். பாட்டும் நின்றது.

"அவங்க சொன்னாங்களா?" என்று மாடியைக் காட்டினார்.

"யாரும் சொல்லல. நீங்க சொல்லுங்க."

பல் டாக்டரிடம் வந்த ஒரு குழந்தை வாசலிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே அப்பா சொன்னார், "என் தம்பி."

"துபாய் சித்தப்பாவா?"

"துபாய்லாம் இல்ல பாப்பா. அவன் எங்கயும் போகல. உடம்பு சரியில்லாம ஒரு இல்லத்துல இருக்கான். உடம்புன்னா, மனசு."

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சித்தப்பாவுக்கு என் வயதில்தான் ஆரம்பித்ததாம். முதலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரில் காதை வைத்துக் கேட்கிறார்கள் என்றாராம். பிறகு சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்றாராம். கடைசியில் தன் அண்ணனின் உருவத்தில் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நம்பினாராம். பரீட்சைப் பயம் என்று வீட்டில் இரண்டு வருடம் விட்டுவிட்டார்கள்.

"மொதல்ல அவனுக்கும் வயித்து வலிதான்" என்றார் அப்பா. "ஸ்கேன்லாம் அப்ப ஏது. நாட்டு மருந்து குடுத்தாங்க."

அப்போது எனக்கு எல்லாம் புரிந்தது. டாக்டர் அறையின் அந்தப் பார்வை, கதவோரம் நின்ற அம்மா, யாராவது உன்னைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கிறதா என்ற கேள்வி.

"நானும் அப்படி ஆயிடுவேன்னு பாத்துட்டிருக்கீங்களா?"

இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "தெனமும் பாக்கறேன்" என்றார். "பாக்காம இருக்க முடியல."

எனக்கு அழுகை வரவில்லை. ஆறு மாதமாக எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துகொண்டிருந்தேன்: எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள், என் பின்னால் பேசுகிறார்கள், என்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைப்பது பைத்தியத்தின் அறிகுறியோ என்று. பார்த்தார்கள். பேசினார்கள். மறைத்தார்கள். ஒரு பக்கம் கால் தரையில் பட்டதுபோல ஒரு நிம்மதி. மறுபக்கம் தரையே வேறொரு தரையாக இருந்தது.

"இப்பவே கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை..."

"இப்பவே."

எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தைத் தாண்டினோம். சந்தாபுராவில் பெரிய சாலையை விட்டுத் திரும்பி, கோழிக்கடைகளும் புதுக் கட்டடங்களும் தாண்டி, இரண்டு தென்னைமரம் நிற்கும் ஒரு வீட்டின் முன் கார் நின்றது. வாசலில் இருந்தவர் அப்பாவைப் பார்த்து, "இன்னைக்கு லேட்டு சார்" என்றார்.

சித்தப்பா வராந்தாவில் இருந்தார். அப்பாவின் முகமேதான், காற்று போன பலூன்போல ஒடுங்கியிருந்தது. சட்டையைச் சுத்தமாக, கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார், முதுகுப்பக்கம் யாரும் வராதபடி. அப்பா பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து இரண்டு கப்பில் காபி ஊற்றினார். சித்தப்பா சும்மா பார்த்தார். அப்பா முதலில் சித்தப்பாவின் கப்பில் ஒரு வாய் குடித்துக் காட்டினார். பிறகுதான் சித்தப்பா வாங்கிக்கொண்டார். எத்தனை வருடமாக இப்படி நடக்கிறதோ தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதுபோல இருவரும் அதைச் செய்தார்கள்.

"இது என் பொண்ணு" என்றார் அப்பா.

சித்தப்பா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "யாரு அனுப்பினாங்க உன்ன?"

"யாரும் அனுப்பல சித்தப்பா. நானே வந்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று காலை மாடியில், சொல்லவில்லை என்ற கவுன்சலரை நானும் கிட்டத்தட்ட இப்படித்தான் நம்பாமல் கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தேன். நான் சிரித்ததை அப்பா திகிலோடு பார்த்தார். சித்தப்பா கோபப்படவில்லை. கொஞ்சம் முன்னால் குனிந்து, "உங்க வீட்டுச் செவுரு எப்படி? மெல்லிசா, தடிமனா?" என்றார்.

"மெல்லிசுதான். பக்கத்து வீட்டு டீ.வி. கேக்கும்."

"அப்போ மெதுவாப் பேசு" என்று அக்கறையாகச் சொன்னார். நாங்கள் கிளம்பும்போது கையை மட்டும் லேசாகத் தூக்கினார்.

வீட்டில் அம்மா அப்பாவிடம் சண்டை போட்டாள். பரீட்சை சமயத்தில் இதைச் சொல்லியாக வேண்டுமா, இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்தது எதற்கு, நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் என்று வந்தால் ஊர் என்ன சொல்லும் என்றாள். பிறகு என் அறைக்கு வந்து, "உன்னக் காப்பாத்தத்தான்டி சொல்லல" என்றாள். "யார்கிட்டேருந்து என்னக் காப்பாத்த?" என்று கேட்டேன். அவள் என் துணிகளை மடித்துவைக்க ஆரம்பித்தாள். அவள்மேல் இருந்த கோபம் எனக்கு அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. ஆனால் கதவோரம் வந்து நிற்பதை மறுநாளே நிறுத்திவிட்டாள். படிக்கும் சத்தம் கேட்டால் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வாள்.

அடுத்த சனிக்கிழமை கவுன்சலரிடம் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். கேட்க வேண்டியது பாக்கி இருந்தது.

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்" என்றார். "முதல் நாளே அப்பா சொன்னாங்க."

"நான் சந்தாபுரான்னு சொன்னப்பவும் தெரியும்."

"ஆமா. உனக்கு யாரோ சொல்லிட்டாங்கன்னு நெனச்சேன். ஒரு நிமிஷம் தூக்கிவாரிப்போட்டுது. நீ பாத்திருப்ப."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அது உங்க அப்பாவோட வாயிலேருந்து வர வேண்டியது. நான் சொல்லியிருந்தா, அப்பா சொல்லாததை யாரோ ஒரு வெளியாள் சொன்ன மாதிரி ஆயிருக்கும். சொல்லுங்க சொல்லுங்கன்னு அவருக்குப் பல தடவை சொல்லிட்டேன்."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் பேசிட்டுத்தான் இருந்தீங்க. எனக்குத் தெரியாம."

"பேசினோம். உன்னப் பத்தி இல்ல, அவரப் பத்தி. ஆனா உனக்குத் தெரியாமத்தான். அது உண்மை."

நான் எழுந்து நின்றேன். "நீங்களும் அவங்கள மாதிரிதான்."

அவர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்வார் என்று காத்திருந்தேன்: இந்தக் கோபம் உண்மையில் யார்மேல் என்று யோசி, வீட்டிலிருப்பவர்கள்மேல் உள்ளதை இங்கே கொண்டுவந்து கொட்டுகிறாய் என்று. அவர் அப்படிச் சொல்லவில்லை.

"இது என்மேல இருக்கற கோபம்தான்" என்றார். "வேற யார்மேலயும் தள்ளிவிட மாட்டேன். உன் சந்தேகம் சரின்னு தெரிஞ்சும் இத்தனை வாரம் உனக்கு எதிர்ல அமைதியா உக்காந்திருந்தேன். அது உனக்குக் கஷ்டம். எனக்கும் சுலபமா இல்ல."

மன்னிப்புக் கேட்டாரா என்றால் இல்லை. தான் செய்தது தப்பு என்று அவர் நினைக்கவில்லை என்றே தோன்றுகிறது. இன்றைக்கும் எனக்கு அதில் தீர்மானமான கருத்து கிடையாது. அப்பாவை முந்திக்கொண்டு சொல்லியிருந்தால் காரில் அன்று நடந்தது நடந்திருக்காது. சொல்லாமல் இருந்ததால் ஆறு மாதம் என் மூளையையே நான் சந்தேகப்பட்டேன். இரண்டும் உண்மை. நான் மறுபடி உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் உண்மையாகப் பேச ஆரம்பித்தோம். வீட்டில் கேட்க முடியாத ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு இன்னும் பல வாரம் பிடித்தது. ஒருநாள் அலமாரியிலிருந்து அந்த மணல் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விரலால் கிளறியபடியே கேட்டேன்.

"எனக்கும் வருமா?"

"வரவே வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது" என்றார். "யாராலயும் முடியாது. சித்தப்பாவுக்கு இருந்ததால மத்தவங்களவிட உனக்குக் கொஞ்சம் சாத்தியம் அதிகம்தான். ஆனா அதிகம்னா வந்தே தீரும்னு இல்ல. இத்தனை மாசமா உன்ன பாக்கறேன். அப்படி எதுவும் எனக்குத் தெரியல. உனக்குச் சந்தேகம் வந்தா வந்து கேளு. ஒரு நல்ல டாக்டர்கிட்ட நானே அனுப்பறேன்."

"நீங்க பொய் சொல்லலாம்."

"சொல்லலாம்."

"அப்பா அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நம்பினேனா என்று கேட்காதீர்கள். அன்று வீட்டுக்குப் போய் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன்.

வயிற்று வலி எந்த நாளில் போனது என்று தெரியவில்லை. ஒருநாள் கல்லூரி பஸ்ஸில் பாதி வழி போன பிறகு, இன்றைக்கு வலிக்கவில்லையே என்று ஞாபகம் வந்தது. பரீட்சை நெருங்கியபோது மறுபடி வந்து, மறுபடி போனது. இரண்டாம் வருடப் பரீட்சை முடியும்வரை பிரேசர் டவுன் போய்வந்தேன். அதன்பின் சனிக்கிழமைகளில் அப்பாவோடு சந்தாபுரா மட்டும் போனேன். சித்தப்பாவுக்கு என்மேல் இன்னும் முழுதாக நம்பிக்கை வரவில்லை. ஆனால் இரண்டு வருடமாக அவருடைய கப்பை ருசிபார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

இப்போது எனக்கு இருபத்தைந்து வயது. இன்னும் ஒரு பழக்கம் போகவில்லை. பக்கத்தில் இரண்டு பேர் குரலைத் தாழ்த்தினால் என் கழுத்து விறைக்கும். ஆபத்தான வயது தாண்டிவிட்டது என்று டாக்டர்கள் சொல்லவில்லை, ஆபத்து கொஞ்சம் குறைந்துவிட்டது என்றுதான் சொல்கிறார்கள். அதனால் குரல் தாழ்ந்தால் நான் உட்கார்ந்து யோசிப்பதில்லை, நேராகப் போய்க் கேட்டுவிடுகிறேன். போன மாதம் அலுவலகத்தில் காபி மெஷின் பக்கம் என் மேனேஜரும் இன்னொரு பெண்ணும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள். நான் போய் நின்றேன்.

"என்னப் பத்தியா பேசறீங்க?"

இரண்டு பேரும் விழித்தார்கள். மேனேஜர் தலையைச் சொறிந்தார்.

"ஆமா" என்றார். "உங்கள வேற டீமுக்கு மாத்தலாமான்னு பேசிட்டிருந்தோம். இன்னும் முடிவாகல."

"சரி, முடிவானா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு என் காபியைப் பிடித்துக்கொண்டு இடத்துக்குப் போனேன்.